பூந்தூளில் வந்த இரண்டு பேர்

நொச்சிமேட்டில் பருத்திக் கிராசிங் நடந்துகொண்டிருந்த ஒரு மார்கழியில், கொளஞ்சியின் கொல்லையில் வேலை செய்த பவுனாம்பாளின் கட்டைவிரல் வழியாக ஆண்பூவின் தூள் உள்ளே இறங்கி, நகக்கண்ணிலிருந்து ஒரு பச்சை நூலாக முளைத்து, தோலுக்கடியிலேயே மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையை நோக்கி ஏறத் தொடங்கியது. ஊரார் இதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொல்லை வேலைக்குப் போகிற பெண்களின் கையில் முள் ஏறும், பூச்சிமருந்து ஏறும், சொறி ஏறும். பவுனுக்குப் பூ ஏறிவிட்டது, அவ்வளவுதான் என்றார்கள். பயந்தவள் பவுனு ஒருத்திதான்.

கிராசிங் என்றால் ஏதோ ரோடு தாண்டுகிற சமாச்சாரம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் இல்லை. விதைக் கம்பெனிக்காகக் கொல்லையில் ஒரு பக்கம் ஆண்செடியும் மறுபக்கம் பெண்செடியுமாக நட்டிருப்பார்கள். பெண்செடி என்று பேர்தானே தவிர அதன் பூவிலும் ஆண், பெண் இரண்டும் கூட்டுக்குடித்தனம் செய்யும். அதனால் நாளைக்கு விரியப்போகிற மொட்டை இன்றைக்குச் சாயங்காலமே பிடித்து, அடியில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றி, இதழையும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தூள்பைகளையும் உரித்து எறிந்துவிட வேண்டும். நடுவில் சூல்தண்டு மட்டும் வெறுமனே நிற்கும். அதன் தலையில் சிவப்புக் காகிதத்தில் ஒரு குல்லாயை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். மறுநாள் வெயில் ஏறியதும் ஆண்செடியில் விரிந்த பூவைப் பறித்து வந்து, குல்லாயைக் கழற்றி, தண்டின் நுனியில் தூளைத் தடவி, பூக்காம்பில் ஒரு நூலைக் கட்டிவிட வேண்டும். அந்த நூல்தான் எல்லாவற்றுக்கும் சாட்சி. கம்பெனி அந்த வருஷம் கொடுத்தது மஞ்சள் நூல்.

எவ்வளவு கெட்டிக்காரிகள் வேலை செய்தாலும் நாலு மொட்டு கைக்குத் தப்பும். தப்பியது தானே விரியும், தன் தூளைத் தானே பூசிக்கொள்ளும், யாரையும் கேட்காமல் காய்த்துவிடும். அதற்கு ஊரில் செல்ப் காய் என்று பெயர். ஒரு செல்ப் காய் கலந்தாலும் கம்பெனிக்காரன் மொத்த விதையையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவான் என்பதால், காய் பிடிக்கிற காலத்தில் வரிசை வரிசையாக ஆள் நடந்து, நூல் இல்லாத பிஞ்சையெல்லாம் கிள்ளிப் போடுவார்கள். நூல் கட்டிய காயின் மேல் யாரும் கை வைக்கக்கூடாது. நூல் கட்டியதைக் கிள்ளியவனை மறுநாள் எந்தக் கொல்லைக்காரனும் வரப்பில் ஏற விட்டதில்லை. நொச்சிமேட்டில் சாமிக்குப் பயப்படாதவன்கூட இந்த நூலுக்குப் பயப்படுவான்.

பவுனுவின் புருஷன் கண்ணுசாமி கல்குவாரி வேலைக்குக் கேரளா போய் அங்கேயே மண்ணாகிப் போனான். பிள்ளை இல்லை. கண்ணுசாமியின் அண்ணன் சாமிதுரை வீட்டிலேயே, அவன் பெண்டாட்டி வேம்புவுக்குத் துணையாகப் பவுனு இருந்துகொண்டாள். பெரிய ஆசை எதுவும் அவளுக்கு இல்லை. யார் வாயிலும் விழாமல் காலத்தை ஓட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். சிரிப்பதைக்கூட முந்தானைக்குள் சிரித்துக்கொள்கிறவள். அவளைப் போய்த் தேடிப் பிடித்தது அந்தப் பூ.

முதல் நாள் சாயங்காலம் மொட்டுக் கிள்ளும்போது நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. மறுநாள் காலையில் ஆண்பூவைத் தடவும்போது அந்தக் காயத்தில் தூள் ஒட்டியது. கழுவினாள், போகவில்லை. சாயங்காலத்துக்குள் பச்சை நூல் மணிக்கட்டில் இருந்தது. வலிக்கவில்லை. வலித்திருந்தால் அவளுக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை இருக்கிறது. இது வலிக்காமல், அரிக்காமல், வழி தெரிந்த ஆள் நடப்பதுபோல நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. முழங்கைக்கு மேலே துணியால் இறுக்கிக் கட்டிப் பார்த்தாள். கை மரத்துப்போனதே தவிர, நூல் துணிக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் நிமிர்ந்துகொண்டது.

கையை வெயிலில் நீட்டிப் பிடித்தால் இன்னொன்றும் தெரிந்தது. நூலின் நுனியில், கடுகில் பாதி அளவுக்கு இரண்டு வெளிச்சப் புள்ளிகள். ஒன்று முன்னால் போகும், மற்றது கொஞ்சம் பின்தங்கும்; முன்னால் போனது நின்று, பின்னது வந்து இடித்த பிறகு மறுபடியும் கிளம்பும். பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் ஒருத்தனை ஒருத்தன் தள்ளிக்கொண்டு போவார்களே, அப்படித்தான் இருந்தது. பவுனு அதைப் பார்த்த அன்று சோறு தின்னவில்லை.

ஊர் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகள் காலையில் வந்து நூல் எதுவரைக்கும் போயிருக்கிறது என்று அவள் கையில் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். டீக்கடையில் அது தோளுக்குப் போகுமா, தலைக்கு ஏறுமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். மருந்துக்கடைக்காரர் படர்தாமரைக் களிம்பு கொடுத்தார், அதையே எல்லாவற்றுக்கும் கொடுப்பவர் அவர். மாரியம்மன் கோயில் பூசாரி திருநீறு பூசி, பூசிய இடத்திலேயே நூல் தெளிவாகத் தெரிவதைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொளஞ்சி இன்னும் ஒரு படி மேலே போய், பவுனுவின் கை பட்டால் காய் நன்றாகப் பிடிக்கும் என்று, வம்பு பண்ணுகிற வரிசையிலெல்லாம் அவளையே நிறுத்தினான். ஆச்சரியம் என்பது எத்தனை நாளைக்குத் தாங்கும், வேலை இருக்கிறதல்லவா.

தோளுக்கு வந்த நூல் மேலே ஏறவில்லை. திரும்பிக் கீழே இறங்கியது. நெஞ்சைத் தாண்டி, விலாவைத் தாண்டி, நேராக வயிற்றைப் பார்த்துப் போனது. வழி எங்கே முடிகிறது என்று அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. டீக்கடையில் இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் வாயை மூடின. பருத்திப்பூவில் தூள் விழுந்தால் என்ன நடக்கும் என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தண்டின் நுனியில் விழுகிற தூள் அங்கேயே முளைக்கும், தண்டுக்குள்ளேயே குழாய் இறக்கும், அடியில் சூல் இருக்கிற அறையைத் தேடிப் போய்ச் சேரும். அதற்குப் பிறகு பிஞ்சுதான்.

அன்றையிலிருந்து பேச்சு மாறிவிட்டது. முந்தா நாள் வரைக்கும் கையைப் பிடித்துப் பார்த்தவர்கள் எட்டி நின்றார்கள். குழாயடியில் யாரோ ஒருத்தி, தண்ணீர் பிடித்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள். "பவுனு வயித்துல வெக்கப்போறது செல்ப்."

அந்த ஒரு சொல் ஊரெல்லாம் சுற்றி வந்தது. புருஷன் இல்லாதவள் வயிற்றில் தங்குவதற்கு மற்ற ஊர்களில் வேறு சொற்கள் உண்டு, எல்லாம் கேட்கக் கூசுகிற சொற்கள். நொச்சிமேட்டுக்காரர்கள் நாகரிகமானவர்கள், செல்ப் என்றார்கள். ஆனால் செல்ப் என்று ஒன்றுக்குப் பேர் வைத்துவிட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அவர்கள் விரலுக்கே தெரியும். பவுனுவைப் பார்க்கிற ஒவ்வொரு பெண்ணின் கட்டைவிரலும் தானாக ஒரு முறை மடங்குவதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொளஞ்சியின் களத்தில் ஒரு மத்தியானம் கூடினார்கள். கம்பெனி ஆள் ஞானமூர்த்தியும் அன்றைக்குக் கொல்லையைப் பார்க்க வந்திருந்தார். விவசாயம் படித்த இளைஞர், ஊர்த் தண்ணீரைக் குடிக்காமல் பாட்டிலில் கொண்டுவருகிறவர், நாலு பேர் கூடினாலே ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துவிடுகிறவர். அவரையும் பிடித்து உட்கார வைத்தார்கள். பவுனு வேம்புவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். நூல் அப்போது தொப்புளுக்கு ஒரு கை மேலே இருந்தது.

சாமிதுரை தலையைத் தூக்காமல் பேசினான். "நாளைக்கே டவுனுக்குக் கூட்டிம்போயி முடிச்சிட்டு வந்துடறன். நம்ம கொல்லையில நூல் இல்லாத பிஞ்ச உட்டு வெக்கறமா? கிள்ளிடறம் இல்ல? அதான் இதுவும்."

"அதான் மொற" என்றான் கொளஞ்சி. "எனக்கு அவ மேல கோவம் ஒண்ணும் இல்ல. நாளைக்கு கம்பெனியில, ஒங் கொல்லையில செல்ப்பு இருக்குதாம்லன்னு ஒரு பேச்சு வந்துச்சின்னா நான் எங்க போவேன்?"

டவுனுக்கு என்ற சொல்லைக் கேட்டதும் பவுனுவின் கை தானாக வயிற்றின் மேல் போனது. இத்தனை நாளும், இது எப்படியாவது தொலைந்தால் போதும் என்றுதான் அவள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது தொலைக்கிறேன் என்று ஆள் வந்து நிற்கும்போது, விலாவுக்குக் கீழே அந்த இரண்டு புள்ளிகளும் நின்றுவிட்டதை, பின்னது முன்னதோடு ஒட்டிக்கொண்டதை அவள் உணர்ந்தாள். அதுவரை அவற்றுக்குப் பயந்தவள், அன்றைக்கு அவற்றுக்காகப் பயந்தாள்.

வேம்பு அப்படியொன்றும் பேச்சுக்காரி இல்லை. ஆனால் வேலையில் தப்பாகச் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது.

"இருங்க. செல்ப்புன்னு யாரு சொன்னது?" என்றாள். "தந்தூளத் தானே பூசிக்கிட்டாத்தான் செல்ப்பு. இவகிட்ட ஏது தூளு? தூளு ஆண்செடியில இருந்து வந்துச்சி. கையால தடவுனது. வெயில் ஏறுனப்பறம் தடவுனது. இதுக்குப் பேரு கிராசிங்கா இல்லியா? சார் படிச்சவருதான, அவரு சொல்லட்டும்."

எல்லாரும் ஞானமூர்த்தியைப் பார்த்தார்கள். அவர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது.

"முறையா பாத்தா..." என்று இழுத்தார். "கிராசிங்தாங்கக்கா."

"கிராசிங்னா நூல் எங்க?" என்றான் கொளஞ்சி. கெட்டிக்காரன்.

வேம்பு இடுப்பில் செருகியிருந்த நூல் கொத்திலிருந்து ஒரு மஞ்சள் நூலை உருவினாள், திரும்பினாள், பவுனுவின் மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு நாளும் பூக்காம்பில் போடுகிற அதே முடிச்சைப் போட்டாள். தாலியறுத்தவள் கையில் மஞ்சள் நூல். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, எழுந்து அப்படியே அடங்கியது. வீட்டு முறைக்கும் கொல்லை முறைக்கும் சண்டை வந்தால் நொச்சிமேட்டில் கொல்லை முறைதான் ஜெயிக்கும், சோறு போடுவது அதுதானே. சாமிதுரை தம்பி பெண்டாட்டியின் கையையும் தன் பெண்டாட்டியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முடிந்திருக்கும். பவுனுதான் கெடுத்துக்கொண்டாள். கிளம்பப் போன ஞானமூர்த்தியை வண்டியருகே நிறுத்தி, அவரிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், கேட்டாள்.

"சார், அதுல ரெண்டு இருக்குது. ரெட்டப் புள்ளைங்களா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். நல்ல மனுஷன், சொல்லத் தெரியவில்லை. "இல்லம்மா. பூவுல எப்பவும் ரெண்டு அணுதான் இறங்கும். ஒண்ணு முட்டையோட சேர்ந்து உயிராவும். இன்னொண்ணு பக்கத்துலயே வேற இடத்துல போய்ச் சேர்ந்து, அதுக்குச் சாப்பாடாவும்."

"யாருக்கு?"

"அந்த உயிருக்குத்தான். அது வளரணும்ல. நாம திங்கற அரிசி, கோதும எல்லாம் அந்த ரெண்டாவதுதான். பருத்தியில அதுவும் மிஞ்சாது. வெத முத்தறதுக்குள்ள தின்னு தீத்துடும்."

"எது உயிரு, எது சாப்பாடு?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. பெரிய வித்தியாசம் கெடையாது."

"அப்ப யாரு முடிவு பண்றது?"

ஞானமூர்த்தி வண்டியை உதைத்தார். முதல் உதையில் அது கிளம்பவில்லை. "யாரும் பண்றதில்லம்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

பயம் என்றால் என்னவென்று அதுவரை தனக்குத் தெரியாது என்று பவுனுவுக்கு அன்றைக்குத் தெரிந்தது. தோலுக்கடியில் ஓடுவது பயமில்லை. ஊர் கூடி நிற்பது பயமில்லை. தனக்குள்ளே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று காத்திருந்து வருகிற இரண்டு பேரில், ஒருத்தன் ஒருத்தனைத் தின்னப் போகிறான் என்பதும், அது அவர்களுக்கே தெரியாது என்பதும்தான் பயம். எந்த நேரமும் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, மெதுவாப் போங்க, அவசரம் ஒண்ணும் இல்ல, நின்னு நின்னு போங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வேம்பு ஆசையாக முன்னவன், பின்னவன் என்று பேர் வைத்துக் கூப்பிட்டபோது, பேர் வைக்காதீங்கக்கா என்று அவள் வாயைப் பொத்தினாள்.

பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சாப்பாடு இல்லாததால்தானே ஒன்றைத் தின்கிறது? பெற்றவள் வயிறு முட்டத் தின்றால், உள்ளே இருப்பது எதற்காகக் கூடப்பிறந்ததைத் தின்னப் போகிறது? அவள் தின்ன ஆரம்பித்தாள். பழையசோறும் ஊறுகாயும் போதும் என்று இருந்தவள் கேட்டுக் கேட்டுத் தின்றாள். வேம்பு விஷயத்தைக் குழாயடியில் சொன்னாள், செல்ப் என்ற சொல் பிறந்த அதே இடத்தில்தான். ஊருக்கு உண்மையில் குற்ற உணர்ச்சியாகத்தான் இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவர்களுக்கு இது வழியாகப் போயிற்று. கம்மங்கூழ் வந்தது, கருவாட்டுக் குழம்பு வந்தது, முருங்கைக்கீரைப் பொரியல், சுண்டிய பால், ஆட்டு ஈரல், கேழ்வரகுக் களி, எள்ளுருண்டை எல்லாம் வீடு வீடாக வந்தன. கொளஞ்சியின் பெண்டாட்டி காராம்பசுவின் பாலை மோராக்காமல் அப்படியே அனுப்பினாள். இன்றைக்கு யார் வீட்டுச் சோறு என்று முறை போட்டுக்கொண்டார்கள். டீக்கடையில் இப்போது பேச்சு அவள் எத்தனை இட்லி தின்றாள் என்பதுதான். பவுனு தின்றாள், வாந்தி எடுத்தாள், வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்து தின்றாள், ஒவ்வொரு கவளத்துக்கும் உள்ளே பார்த்து, இந்தா, இது ஒனக்கு, இது அவனுக்கு என்று சொன்னாள்.

நூல் தொப்புளுக்குக் கீழே இறங்கி ஒரு பகல் பூராவும் அசையாமல் நின்றது. இரண்டு புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில், புடவைக்கு வெளியிலேயே தெரிகிற வெளிச்சத்தோடு, எதையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல நின்றன. பவுனு கொல்லை வரப்பில் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து கண் கொட்டாமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் ஒன்றும் நடக்காது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

"பவுனு, இந்தா, சூடா இருக்குது" என்று யாரோ பின்னாலிருந்து கிண்ணத்தை நீட்டினார்கள்.

அவள் திரும்பி, கிண்ணத்தை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு குனிந்தாள். ஒரு புள்ளிதான் இருந்தது. மற்றது உள்ளே போய்விட்டது. எது போனது, எது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொல்லையில் இருந்தவர்கள் ஓடி வரும்படி அவள் ஒரு சத்தம் போட்டாள். கிண்ணத்திலிருந்த பாயசம் வரப்பில் கொட்டி எறும்பு மொய்த்தது.

வெளியே நின்ற புள்ளி அதற்குப் பிறகு பரவியது. காசு அளவுக்கு, பிறகு அப்பளம் அளவுக்கு, இளநீர் வழுக்கையின் நிறத்தில் ஒரு வெளிச்சமாக அவள் வயிற்றில் பரவி, தொட்டால் சூடாக இருந்தது. உள்ளே போனது இருட்டிலேயே இருந்தது. வயிறு பெருத்தது. வெளிச்சம் நிறைந்து நின்ற நாட்களில் பவுனு கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள், நம்ம சோறு வேலை செய்யுது என்று ஊரும் சந்தோஷப்பட்டது. பிறகு ஓரத்திலிருந்து அது குறைய ஆரம்பித்தது. அவள் இன்னும் தின்றாள். அது இன்னும் குறைந்தது. தின்றதெல்லாம் அவளுடைய கன்னத்திலும் இடுப்பிலும் போய்ச் சேர்ந்ததே தவிர, உள்ளே இருந்தவனுக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவனுக்கு என்று வைத்திருந்தது வேறு. "உட்டுடுடா, அவன உட்டுடு" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் கெஞ்சுவதைத் தெருவில் போகிறவர்கள் கேட்டுவிட்டு, கேட்காததுபோலப் போனார்கள். பருத்தி வெடித்து எடுப்பு முடிந்து, செடியைப் பிடுங்கி எரித்து, அடுத்த வெள்ளாமைக்கு உழுத சமயத்தில் வெளிச்சம் அணைந்தது.

பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை, கொழுகொழுவென்று, எடை போட்ட நர்சம்மா ஒரு முறைக்கு இரண்டு முறை முள்ளைப் பார்த்தாள். அழவில்லை. காலைப் பிடித்துத் தட்டியும் அழவில்லை, கண்ணைத் திறந்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். புட்டிப்பால் கொடுத்தாலும் வேண்டாம், சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தாலும் வேண்டாம். தின்னாமலே தினமும் கொழுத்தான். "வயிறு நெறஞ்சி வந்திருக்கறான், ராசா" என்று ஊர் கொண்டாடியது. பெண்கள் முறை வைத்துத் தூக்கிக் கொஞ்சினார்கள். கம்பெனி அடுத்த வருஷத்துக்கு எல்லாருக்கும் விரலுக்கு ரப்பர் உறை கொடுத்தது, அதைப் போட்டால் நகம் வேலை செய்யவில்லை என்று இரண்டாம் நாளே கழற்றி எறிந்துவிட்டார்கள்.

பவுனு மட்டும் பிள்ளையைத் தூக்கவில்லை. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் வேம்புதான்.

"பெத்தவ நீதான, தூக்கேன் ஒரு வாட்டி" என்று வேம்பு கெஞ்சினாள்.

"அவன் வாயப் பாக்க முடியலக்கா."

"பச்சப்புள்ள வாயில என்னாடி கெடக்குது?"

"தெரியல. அதான் பயமாருக்குது."

அவன் கொட்டாவி விட்டால் அவள் எழுந்து வெளியே போய்விடுவாள். சிவந்த ஈறும் சின்ன நாக்குமாக அந்த வாய் அவ்வளவு சுத்தமாக இருந்தது. எல்லாம் தெரிந்து தின்றானா, தெரியாமல் தின்றானா என்று ஒரு கேள்வி அவளை அரித்தது. தெரியாமல் தின்றிருந்தால் அவனைப் பார்க்கவே பயம், தெரிந்து தின்றிருந்தால் அதைவிடப் பயம். அவள் மார்பில் பால் கட்டி, காய்ச்சல் வந்து, பிறகு வற்றிப்போனது.

அப்படியே போயிருந்தால் ஒரு மாதிரி பழகியிருப்பார்கள். ஆனால் எந்தக் களஞ்சியத்துக்கும் ஓர் அடி உண்டு. பிள்ளை ஒரு நாள் கொழுப்பதை நிறுத்தினான். பிறகு இளைத்தான். கன்னம் வற்றியது, தொடையில் இருந்த மடிப்புகள் பிரிந்தன, தலை பெரிதாகத் தெரிந்தது. அப்போதும் அழவில்லை, அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் குழாய் வைத்தார்கள், பிடுங்கிப் போட்டான். மூன்று ஊர் தாண்டி வைத்தியர்கள் எல்லாரையும் பார்த்தார்கள். ஊர் மறுபடியும் பயந்தது, இந்த முறை பவுனுவுக்குக் குறையாமல் பயந்தது. தாங்கள் கிள்ளாமல் விட்ட ஒரு பிஞ்சு கண் முன்னால் சுருங்குவதை அந்தப் பெண்களால் பார்க்க முடியவில்லை.

கடைசியில் மாரியம்மன் கோயிலில் வைத்துச் சோறு ஊட்டிப் பார்ப்பது என்று முடிவானது. புது அரிசியைக் குழையக் குழைய வடித்து, நெய் விட்டு, வெள்ளித் தட்டு கிடைக்காமல் எவர்சில்வர் தட்டில் பரப்பி, அம்மன் முன்னால் வைத்தார்கள். வேம்பு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். பவுனு கோயில் தூணுக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். கொளஞ்சியின் பெண்டாட்டி ஒரு விரலில் சோற்றை எடுத்து உதட்டில் வைத்தாள். உதடு திறக்கவில்லை. பூசாரி வைத்தார், திறக்கவில்லை. சாமிதுரை, இதுவரை அந்தப் பிள்ளையின் பக்கம் வராதவன், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "தின்னுடா சாமி, ஒரு வாய்" என்றான்.

பிள்ளை குனிந்து தட்டைப் பார்த்தான். வெள்ளையாக, ஆவி பறக்க, தட்டு நிறையச் சோறு. வெகுநேரம் பார்த்தான். பிறகு குச்சி போலாகிவிட்ட இரண்டு கைகளையும் நீட்டி, சோற்றின் மேல் வைத்து, மெதுவாகத் தன் பக்கமாக அணைத்துக் கூட்டினான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஒரு பருக்கை தட்டுக்கு வெளியே விழுந்தது. அதையும் தேடி எடுத்துச் சேர்த்துவிட்டு, சோற்றை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, யாரும் கிட்டே வரக்கூடாது என்பதுபோல எல்லாரையும் நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் அழுதான்.

பிறந்ததிலிருந்து அழாதவன் அழுதான். பசிக்கு அழுகிற பிள்ளையின் அழுகை இல்லை அது. எழவு வீட்டில், எல்லாரும் போன பிறகு, சொந்தக்காரன் ஒருத்தன் மட்டும் உட்கார்ந்து அழுவானே, அந்த அழுகை. வேம்பு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தானும் அழுதாள்.

நாம் தின்கிற அரிசியும் அந்த இரண்டாவதுதான் என்று ஞானமூர்த்தி சொன்னது தூணுக்குப் பின்னால் நின்ற பவுனுவுக்கு நினைவு வந்தது. இத்தனை மாதமும் அவள் ஒருத்திதான் பயந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அவனும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். வாயைத் திறந்தால் மறுபடியும் யாரையாவது தின்றுவிடுவோமோ என்று பல்லில்லாத வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாமல், பெற்றவளும் தூக்காமல், தன்னந்தனியாகப் பயந்திருக்கிறான்.

அவள் வந்தாள். தட்டைத் தள்ளவில்லை. பிள்ளையைச் சோற்றுக் கையோடு அப்படியே வாரி எடுத்து, எல்லார் முன்னாலும் கோயில் தரையில் உட்கார்ந்து, ரவிக்கையை விலக்கி மார்பில் வைத்தாள். வற்றிப்போன மார்பு. அவன் வாயை மூடிக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்கினான்.

"பயப்படாதடா" என்றாள் பவுனு. "நான் தீரமாட்டன். எவ்ளோ வேணாலும் குடி. நான் தீரமாட்டன்."

பால் எப்போது சுரந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. உதட்டில் பட்ட ஈரத்தை அவன் ஒரு முறை நக்கினான், நிறுத்தினான், அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அங்கேயே இருந்தாள். அவன் இன்னொரு முறை குடித்துவிட்டு மறுபடியும் பார்த்தான். அவள் இருந்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் நிமிர்ந்து அவள் இருக்கிறாளா என்று பார்த்துப் பார்த்து, சாயங்காலம் வரைக்கும், அவன் குடித்துக்கொண்டிருந்தான்.